அடிக்கடி விடுப்பில் செல்பவர்

அலுவலகத்தில் அவளுக்கு 'கமா மேடம்' என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. ஆனால் மாடிப்படி திரும்பும் இடத்தில் அந்தப் பெயர் பலமுறை அவள் காதில் விழுந்திருக்கிறது. எத்தனை பேர் கையெழுத்தைத் தாண்டி வந்த கோப்பானாலும், முதலில் பென்சிலை எடுத்து விட்டுப்போன காற்புள்ளிகளைப் போட்டுவிட்டுத்தான் விஷயத்துக்குள் போவாள். பணியாளர் துறைச் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவள்தான். அந்த நாற்காலி உயரமான ஆண்களுக்கென்று செய்தது; அவள் கால் தரையில் படாது. புது நாற்காலி கேட்டால் அதற்கும் ஒரு பேச்சு வருமென்று, காலுக்கடியில் பழைய தொலைபேசிப் புத்தகங்கள் இரண்டை அடுக்கி வைத்துக்கொண்டாள். மூன்று வருஷமாக அந்தத் துறையை அப்படியேதான் நடத்தினாள், நன்றாகவும் நடத்தினாள்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் அவளோடு இன்னொரு பெண்ணும் சேர்ந்தாள். இவளைவிட ஒன்றரை வயது மூத்தவள், கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். குடிநீர்ப் பிரிவில் இருவருக்கும் சேர்த்து ஒரே மேஜை. ஒரு பக்க இழுப்பறை திறக்காது, மறுபக்கத்து இழுப்பறை மூடாது. இவர்கள் சேர்ந்து உள்ளே வரும்போதெல்லாம், "பேனாவும் மூடியும் வந்தாச்சு" என்பார் கண்காணிப்பாளர். இவளுக்குப் பெண் பிறந்து பேச்சு வந்ததும் அந்தத் தோழியைப் 'பெரியம்மா' என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தார்கள். "பெரியம்மான்னா தலை நரைச்ச மாதிரி இருக்கு. சித்தின்னே கூப்பிடு கண்ணு" என்று தோழியே மாற்றிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் ஆபீஸ் சித்தி.

மகளுக்கு ஆறு வயதாகும்போது டைபாய்டு வந்தது. கணவருக்கு வேறு ஊரில் வேலை. மாதம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். சட்டப்பேரவைக் கூட்டம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. தினமும் இருபது முப்பது கேள்விகள் வரும், அத்தனைக்கும் பதில் தயார்செய்யும் பொறுப்பு இவளிடம். காலையில் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வராந்தாவில் திகைத்து நின்றவளிடம், "நீ போ, நான் லீவு எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன்" என்றாள் சித்தி. பதினான்கு நாள் ஈட்டிய விடுப்பு. கஞ்சி ஆற்றிக் கொடுத்தது, ஊசி போடும்போது கையைப் பிடித்துக்கொண்டது, பாயைச் சுருட்டி விரித்தது எல்லாம் அவள்தான். அடுத்த வருஷம் அம்மை போட்டபோது இன்னொரு ஒன்பது நாள். பள்ளிக்கூடத்திலிருந்து 'குழந்தை வாந்தி எடுக்கிறாள்' என்று போன் வந்த மத்தியானங்களெல்லாம் தனிக் கணக்கு.

அம்மைத் தழும்பு ஆறி நாலு மாதம் கழித்துத் துணைச் செயலாளர் பதவி ஒன்று காலியானது. தகுதிப் பட்டியலில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர், பேனாவும் மூடியும்.

தேர்வுக் குழு கூடிய அறையில் நீள மேஜை, அதன்மேல் பச்சைத் துணி. அதில் எப்போதோ மை கொட்டிய இடத்தை மறைக்கத் தண்ணீர்க் கூஜாவை வைத்திருந்தார்கள். மூன்று பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் போய்வந்த சித்தி, வெளியே வரும்போது இவள் தோளைத் தட்டி, "ஒண்ணும் பயமில்ல, போ" என்றாள். உள்ளே கேள்விகளெல்லாம் சுலபமாகத்தான் இருந்தன. எல்லாம் முடிந்து இவள் எழுந்திருக்கப் போகும்போது தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு பேருமே நல்ல வேலைக்காரங்கன்னுதான் சொல்றாங்க. அந்தம்மா லீவு நிறையப் போடறாங்களாமே. நீங்க கூடவே இருக்கறவங்க. உண்மையா?"

அந்த லீவெல்லாம் என் பெண்ணுக்காகப் போட்டது சார் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. கூடவே அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்பதும் தெரிந்துவிட்டது. அப்படியென்றால் குழந்தையைப் பார்க்க வீட்டில் ஆளில்லையா, இந்தப் பதவியில் ஊர் ஊராகப் போக வேண்டியிருக்குமே, சமாளிப்பீர்களா? ஆண்களிடம் கேட்காத கேள்வி அது. நியாயமில்லாத கேள்விதான். ஆனால் அதைக் கேட்க விடாமல் தடுக்க அவள் செய்த காரியத்தில் இருந்த நியாயத்தைப் பிறகு எத்தனை தேடியும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"கொஞ்சம் அடிக்கடிதான் சார்" என்றாள்.

தலைவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

பதவி இவளுக்கு வந்தது. உத்தரவு வந்த அன்று இவளுடைய பொருள்களைப் புது அறைக்குத் தூக்கிவந்தவள் சித்திதான். முதுகுவலிக்கு வைத்திருந்த தலையணையைப் புது நாற்காலியில் வைத்து, இரண்டு தட்டுத் தட்டி, "உக்காரு, பார்க்கலாம்" என்றாள். இவள் உட்கார்ந்தாள். சித்தி ஒரு அடி பின்னால் நகர்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தாள்.

அதன்பிறகு இவளுக்கு ஏறுமுகம். துணைச் செயலாளர், இணைச் செயலாளர், கூடுதல் செயலாளர் என்று எங்கேயும் தடையில்லை. சித்திக்கு அடுத்த உயர்வு வர ஆறு வருஷம் ஆனது. ஒருமுறை தவறவிட்ட வரிசையை அவளால் கடைசிவரை பிடிக்க முடியவில்லை.

இவள் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். சித்திக்கு ஜன்னல் உள்ள அறை கிடைக்கும்படி செய்தாள். வெளியூர்ப் பயிற்சிக்கு முதல் பெயராக அவள் பெயரை எழுதினாள். வருடாந்தர அறிக்கையில் 'மிகச் சிறப்பு' தவிர வேறொன்றும் போட்டதில்லை. "எதுக்குடி எனக்கு மட்டும் இதெல்லாம்? பார்க்கறவங்க தப்பாப் பேசப் போறாங்க" என்று சித்தி அந்த அறையை மூச்சிரைப்புக்காரர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் அதிகாரிகளுக்கான ஒரு கூட்டத்தில், பெண்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தாள் இவள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினாள் சித்தி. இவளுக்கு அடுத்த வாக்கியம் மறந்துபோயிற்று. தண்ணீர் குடித்தாள். மறுபடியும் குடித்தாள். மைக் சரியில்லையோ என்று ஒருவர் ஓடிவந்தார்.

இப்படிப் பத்தொன்பது வருஷம் போயிற்று. சித்தி இரண்டு படி கீழேயே நின்று ஓய்வு பெற்றாள். இவளுக்கு ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருக்கும்போது அந்தக் கோப்பு வந்தது.

பதவி உயர்வுக் குழுக்களின் நடவடிக்கைக் குறிப்புகளைச் சம்பந்தப்பட்டவர்கள் கேட்டால் பார்க்க அனுமதிக்கலாம் என்பது ஒரு புது விதி. ஊழியர் சங்கம் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நியாயமான கோரிக்கை என்று ஆரம்பித்துவைத்தவளே இவள்தான். வரைவு எழுதிய பிரிவு அலுவலர் கெட்டிக்காரப் பெண். 'கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நடந்த கூட்டங்களுக்கும் இது பொருந்தும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். நல்ல வரி, காற்புள்ளி போடக்கூட இடமில்லாத வரி.

அதைப் படித்ததும் இவள் எழுந்தாள். கதவைச் சாத்திவிட்டு, பழைய பதிவறையிலிருந்து அந்தத் தேர்வுக் குழு கூடிய வருஷத்துக் கோப்புக் கட்டை வரவழைத்தாள். பழுத்துப்போன காகிதத்தில், தட்டச்சில், 'உடன் பணிபுரியும் அலுவலரிடம் கேட்டறிந்ததில், அடிக்கடி விடுப்பில் செல்பவர் எனத் தெரியவருகிறது' என்று இருந்தது. பெயர் இல்லை. பெயர் எதற்கு? அந்த அறைக்குள் போன உடன் பணிபுரியும் அலுவலர் ஒரே ஒருத்திதான்.

இருபத்தைந்து ஆண்டுகள் என்ற வரியை அடித்துவிட்டு, 'இனி நடக்கும் கூட்டங்களுக்கு மட்டும்' என்று பென்சிலால் எழுதிக் கோப்பைத் திருப்பி அனுப்பினாள்.

மறுநாள் பிரிவு அலுவலர் வந்து நின்றாள்.

"மேடம், இந்த மாத்தத்துக்குக் காரணம் ஒரு வரி எழுதணும். அமைச்சர் கேட்பார்."

"வேலைப் பளுன்னு எழுதுங்க. பழைய கோப்பெல்லாம் தேடணுமே."

"தேட வேண்டாம் மேடம். எல்லாத்துக்கும் போன வருஷமே அட்டவணை போட்டாச்சு. நீங்கதான் போடச் சொன்னீங்க."

"சரி, வச்சுட்டுப் போங்க. யோசிச்சுச் சொல்றேன்."

இரண்டு நாள் யோசித்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ கோப்புகளுக்குக் காரணம் எழுதியவளுக்கு இதற்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் காலை ரப்பரை எடுத்து, எழுதியதை அழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

விதி அரசிதழில் வெளிவருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சித்தியின் வீட்டுக்குப் போனாள். நாலாவது மாடியில் இரண்டு அறை கொண்ட வீடு. பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள் சித்தி. காதோரத்தில் நீலமாக ஒரு கோடு.

"வாடி, வா. அந்த ஸ்டூல்ல உக்காரு. நாற்காலில பேப்பர் போட்டிருக்கேன். ஓய்வு வாங்கினதும் என்ன செய்யப் போறேன்னு எல்லாரும் கேட்டீங்களே, இதான். மூணு ஜன்னல் முடிஞ்சுது."

இவள் உட்காரவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தையும் அந்த வரிசையில் வரவில்லை. குழு, தலைவர், மூக்குக்கண்ணாடி, தான் சொன்ன பதில் என்று முன்னுக்குப் பின்னாகச் சொல்லி முடித்தாள்.

சித்தி பாதியில் இருந்த கம்பியை முழுசாக அடித்து முடித்தாள். பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வழித்துவிட்டுத் திரும்பினாள்.

"நீயாச் சொன்னியா, அவங்க கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"எந்த லீவுன்னு சொன்னியா?"

"சொல்லல."

"டைபாய்டுக்குப் போட்டதுன்னு சொல்லல."

"இல்ல."

சித்தி கொஞ்ச நேரம் தன் கையில் ஒட்டியிருந்த பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா? எனக்குக் குறிப்பு எழுத வரலைன்னு நினைச்சேன். அதனாலதான் தள்ளிட்டாங்கன்னு. ரெண்டு வருஷம், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பழைய கோப்பெல்லாம் பார்த்து எழுதிப் பழகினேன். அதைக் கொண்டுவந்து உன்கிட்டதான் காட்டினேன். ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்புப் பென்சிலால் திருத்திக் கொடுத்தாள். 'முன்னைக்கு இப்போ தேவலை' என்று ஒரு பக்கத்தின் ஓரத்தில் எழுதிக்கூடக் கொடுத்தாள். உன் எழுத்தில் ஒரு குறையும் இல்லை என்று ஒரு தரம் சொல்லியிருக்கலாம்.

"அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்."

"இப்ப எதுக்கு வந்து சொல்ற? புது விதி வருதுன்னு பேப்பர்ல பார்த்தேன். நானாப் பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னா?"

பொய் சொல்ல இடமிருந்தது. "அதுவும்தான்" என்றாள் இவள்.

சித்தி மறுபடியும் பிரஷ்ஷை எடுத்தாள். "போயிட்டு வா. கதவுகிட்டப் பார்த்துப் போ, பெயின்ட் காயல."

விதி வந்த இரண்டாம் வாரம் சித்தி விண்ணப்பம் கொடுத்தாள். இவள் இரண்டாம் மாடிக் கைப்பிடிச் சுவரருகே நின்று பார்த்தாள். கீழே மனுதாரர்களுக்குப் போட்டிருந்த பெஞ்சில், எண் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வேலை பார்த்த கட்டிடத்திலேயே வெளியாளாக உட்கார்ந்திருந்தாள் சித்தி. கீழே இறங்கிப் போகலாமென்று இவள் இரண்டு படி இறங்கினாள். திரும்பி அறைக்குப் போய்விட்டாள்.

குறிப்பைப் படித்த சித்தி சும்மா இருக்கவில்லை. தன் பணிமூப்பைத் திருத்தித் தர வேண்டுமென்று மேல்முறையீடு செய்தாள். முறைப்படி அந்த மனு வந்து சேர்ந்த இடம் பணியாளர் துறைச் செயலாளரின் மேஜை.

'சொந்தக் காரணங்களால் இக்கோப்பை நான் கையாள இயலாது' என்று எழுதித் தள்ளிவிட்டிருக்கலாம். அவள் அப்படிச் செய்யாமல், வெள்ளைத் தாளில் தன் கையெழுத்தில் இரண்டு பக்கம் எழுதினாள். விடுப்பு எடுத்த தேதிகள், குழந்தையின் நோய், ஆஸ்பத்திரி, அந்தப் பதினான்கு நாளும் தான் எங்கே இருந்தாள், குழுவில் என்ன கேட்டார்கள், தான் என்ன சொன்னாள் என்று எதையும் விடவில்லை. கடைசியில் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்து மேலே அனுப்பினாள்.

தலைமைச் செயலாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர். கதவைச் சாத்தச் சொன்னார்.

"இதை இப்படி எழுதணுமா? கோப்புல ஏறிட்டா நாளைக்கு யார் வேணும்னாலும் படிப்பாங்க. ஒரு வரில முடிச்சிடுங்க. உங்களுக்கு இன்னும் ஆறு மாசம்கூட இல்ல. ஓய்வுக்கப்புறம் தீர்ப்பாய உறுப்பினர் பதவிக்கு உங்க பேர்தான் போயிருக்கு, தெரியும்ல?"

"தெரியும் சார்."

"அப்புறம் என்ன?"

"ஒரு வரில முடிச்சதாலதான் சார் இவ்வளவும்."

அவர் பெருமூச்சு விட்டுக் கோப்பை மூடி வைத்துக்கொண்டார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. ஒரு வாரத்துக்குள் அந்த இரண்டு பக்கம் கட்டிடம் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. தீர்ப்பாயத்துக்கு வேறொருவர் பெயர் போயிற்று. பெண்கள் ஓய்வறைக்குள் இவள் நுழைந்தால் பேச்சு நின்றது. 'கமா மேடம்' என்ற பெயர்கூட மாடிப்படியில் கேட்கவில்லை. அதில் கொஞ்சம் பிரியமும் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அவளிடம் மாறாமல் இருந்தது பிரிவு அலுவலர் ஒருத்திதான். முன்போலவே கோப்பைக் கொண்டுவந்தாள், முன்போலவே பேசினாள். அதுவும் ஒருவகையில் கஷ்டமாகத்தான் இருந்தது.

மகளுக்கு விஷயம் வேறு வழியாகத் தெரிவதற்குமுன் தானே சொன்னாள். மகளுக்கு இப்போது இருபத்தாறு வயது, பல் டாக்டர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"எனக்கு உடம்பு சரியில்லாததைச் சொல்ல உனக்கு வெட்கமா இருந்ததாம்மா?"

"வெட்கம் இல்லடி. பயம்."

"சித்திக்கு அந்தப் பயம் இல்லையே. அவங்களும்தான் வேலைல இருந்தாங்க."

மகள் எழுந்து கைகழுவப் போனாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் மட்டும் சித்தி வீட்டுக்குப் போய்வந்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று இவளும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மேல்முறையீடு சித்திக்குச் சாதகமாக முடிந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய தேதியிலிருந்து துணைச் செயலாளராகக் கருதப்பட வேண்டும் என்று உத்தரவு. அதற்குப் பின் வந்திருக்க வேண்டிய பதவிகளும் காகிதத்தில் வந்தன. அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்க வேண்டிய நாள்களை எந்த உத்தரவாலும் தர முடியாது. சித்தி வந்து பிரிவு அலுவலரிடம் கையெழுத்துப் போட்டு உத்தரவை வாங்கிக்கொண்டு, மாடிக்கு வராமலே போய்விட்டாள்.

இவளுடைய ஓய்வு விழாவுக்கு நாற்பது பேர்கூட வரவில்லை. மாலை போட்டார்கள். இரண்டு பேர் பேசினார்கள், இருவரும் விதிகளைப் பற்றியே பேசினார்கள். சித்தி வரவில்லை, வருவாள் என்று இவள் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனாலும் வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் தலை தானாகத் திரும்பியது.

ஓய்வுக்குப் பிறகு மாதம் ஒரு தரம் சித்தி வீட்டுக் கதவைத் தட்டினாள். முதல் தரம், "இன்னிக்கு வேலை இருக்கு, இன்னொரு நாள் வாங்க" என்று வாசலோடு அனுப்பப்பட்டாள். ஒருமையில் பேசிப் பழகிய வாயிலிருந்து அந்த 'வாங்க' வந்து விழுந்ததைச் சுமந்துகொண்டு நாலு மாடியும் இறங்கினாள். இரண்டாம் தரம் உள்ளே உட்காரச் சொன்னாள். மகளைப் பற்றிப் பேசினார்கள், முழங்காலைப் பற்றிப் பேசினார்கள். மன்னிப்பு என்ற சொல்லை இவள் எடுக்கப் போனபோது, "அதெல்லாம் வேண்டாம்" என்று சித்தி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் தரம் போனபோது சித்தி வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டிடத்தின் லிஃப்ட் எட்டு மாதமாக ஓடவில்லை. குடியிருப்பவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட மனு ஒன்றை நகராட்சி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

"அங்க எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. ஒரு போன் போடட்டுமா?" என்றாள் இவள்.

"போனெல்லாம் வேண்டாம். வரிசை பெரிசா இருக்குமாம். எனக்கு நிக்க முடியல. நீங்க நிக்கறதா இருந்தா வாங்க."

போனார்கள். ஜன்னல் எண் மூன்று. முன்னால் முப்பது பேர் இருந்தார்கள். சித்தி சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். இவள் மனுவைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றாள். வெயில் மெல்ல நகர்ந்து கால்மேல் விழுந்தது. இவள் முறை வந்தபோது உள்ளேயிருந்த பையன் முகத்தைக்கூடப் பார்க்காமல், "சாப்பாட்டு நேரம்மா, நாளைக்கு வாங்க" என்று பலகையைச் சாத்தினான். அவனுக்கு இவள் யாரென்று தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

சித்தி எழுந்து வந்து பலகையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கே வரணும். அப்பதான் முன்னாடி இருக்க முடியும்."

"ஒன்பதரைக்கே வந்துடறேன்" என்றாள் இவள்.

சித்தி மனுவை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். இவளும் அவள் வேகத்துக்கு ஏற்றபடி, கொஞ்சம் மெதுவாகவே, பக்கத்தில் நடந்தாள்.